பிக்கப்புக்கு எந்த முன் ஆக்சில்? காயலான் கடைக்குப் போகும் முன் எடுக்க வேண்டிய அளவுகள்

கேள்வி:

ஐயா, வணக்கம். அஞ்செட்டிப் பக்கம் ஒரு சிற்றூரில் விவசாயம் செய்கிறேன். தக்காளி, ராகி, அவரை போடுகிறோம். சொந்தமாக ஒரு பிக்கப் இருக்கிறது. ஒன்றேகால் டன் ஏற்றும் டீசல் வண்டி, வாங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. முன்னால் சக்கரத்தைத் தாங்க மட்டும் செய்யும் பீம் ஆக்சில், முன்னும் பின்னும் பட்டை ஸ்ப்ரிங். தோட்டத்திலிருந்து தார் ரோட்டுக்கு வர மூன்று கிலோமீட்டர் மண் பாதை, நடுவில் ஓர் ஓடை. ஐப்பசி, கார்த்திகையில் ஓடை மணலிலும் அதைத் தாண்டிய ஏற்றத்துச் சேற்றிலும் வாரம் ஒரு தடவையாவது வண்டி உட்கார்ந்துவிடுகிறது. டிராக்டர் வந்துதான் இழுக்க வேண்டும். இருட்டிவிட்டால் யானை பயம். போன வருடம் ஓர் இரவு லோடோடு வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தோம். அதனால் வண்டியை நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் டிரைவாக மாற்ற நினைக்கிறேன். காயலான் கடையில் மூன்று முன் ஆக்சில் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று பழைய ஜீப்பினுடையது, ஒன்று மாருதி ஜிப்சியினுடையது, ஒன்று ராணுவ ஏலத்தில் வந்த ஜோங்காவினுடையது. ஜோங்கா ஆக்சில்தான் நல்ல முரடாக இருக்கிறது என்று இரண்டாயிரம் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன். எது சரியாக வரும்?

பதில்:

தம்பி, வணக்கம். அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்கள் என்பதால் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மூன்றில் எதையும் உங்கள் வண்டிக்கு நான் மாட்ட மாட்டேன். மாற்றியே ஆக வேண்டும் என்றால், உங்கள் வண்டிக் கம்பெனி அதே சேசிஸில் ஃபோர் வீல் டிரைவ் வண்டி விற்றிருக்கிறதா என்று பாருங்கள். விற்றிருந்தால் அந்த வண்டியின் முன் ஆக்சில்தான் உங்களுக்கு ஆக்சில். அதுவும் தனியாக வேண்டாம். கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர்பாக்ஸிலிருந்து வரும் சுற்றை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டி), இரண்டு ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் (அந்தச் சுற்றை ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் தண்டு), ஸ்டியரிங் ராடுகள், ஆயில் சம்ப் (இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) வரை எல்லாம் ஒரே வண்டியிலிருந்து இறங்க வேண்டும். அதற்கும் முன்னால் செய்து பார்க்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதற்குச் செலவும் குறைவு, ஆர்.டி.ஓ. ஆபீஸ் சிக்கலும் இல்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் ஆக்சில் விஷயம் புரிந்த பிறகுதான் அது ஏன் நல்லது என்று தெரியும்.

காயலான் கடையில் ஆக்சிலைப் பார்த்ததும் கை தானாகவே குழாயின் தடிமனைத் தடவிப் பார்க்கும். முப்பது வருடமாக இந்த வேலையில் இருக்கும் எனக்கும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஆனால் தடிமன் கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். முன் ஆக்சில் தனியாக வேலை செய்யும் பொருள் இல்லை. பின்னால் ஏற்கெனவே ஓர் ஆக்சில் ஓடிக்கொண்டிருக்கிறது, நடுவில் டிரான்ஸ்ஃபர் கேஸ் உட்காரப் போகிறது. அந்த இரண்டுக்கும் ஒத்துப்போவதுதான் உங்கள் ஆக்சில்.

முதலில், ஆக்சிலின் பல்சக்கரங்கள் இருக்கும் டிஃப்ரன்ஷியல் உருண்டை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன்னால் போகும் ஷாஃப்ட் இன்ஜினுக்கு இடப்பக்கமாக இறங்கலாம், வலப்பக்கமாகவும் இறங்கலாம். அது எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கம்தான் முன் ஆக்சிலின் உருண்டையும் இருக்க வேண்டும். வில்லிஸ் கம்பெனி காலத்துப் பழைய ஜீப்புகளில் உருண்டை வலப்பக்கம். உங்களுக்குக் கிடைக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இடப்பக்கம் இறங்குவதாக இருந்தால், ஷாஃப்ட் இன்ஜினுக்குக் குறுக்கே போக வேண்டி வரும், அது நடக்காது. சிலர் ஆக்சிலைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் உருண்டை பக்கம் மாறிவிடும் என்பார்கள். மாறும். கூடவே சக்கரம் சுற்றும் திசையும் மாறிவிடும். முதல் கியர் போட்டால் பின் சக்கரம் முன்னால் போகும், முன் சக்கரம் பின்னால் இழுக்கும். சக்கரம் இடமும் வலமும் திரும்பும் அச்சான கிங்பின்னின் சாய்வும் ஆயில் போகும் வழியும் சேர்ந்து கெடும். அப்படிச் சொல்லும் பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

அடுத்தது கிரவுன் பினியன் விகிதம். உருண்டைக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம் கிரவுன், ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றி அதைச் சுழற்றும் சின்னது பினியன். இதை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் நான் பணத்தையும் பெயரையும் இழந்தது இதில்தான்.

கிரவுனில் 41 பல், பினியனில் 10 பல் இருந்தால் விகிதம் 4.10. ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் 4.1 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். 39க்கு 8 என்றால் 4.88. 43க்கு 8 என்றால் 5.38. ஃபோர் வீல் போட்டதும் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் ஒன்றாகப் பூட்டிக்கொள்கின்றன. இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். பின்னால் 4.88, முன்னால் 5.38 என்று வைத்துக்கொள்ளுங்கள். பின் சக்கரம் 100 மீட்டர் ஓட முயலும்போது முன் சக்கரத்துக்கு 91 மீட்டர்தான் ஓட முடியும். மீதி ஒன்பது மீட்டரை ஏதாவது ஒரு டயர் வழுக்கித்தான் சரிக்கட்ட வேண்டும். சேற்றில் வழுக்கும், ஒன்றும் தெரியாது. கெட்டித் தரையில் வழுக்காது. அப்போது அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்ட் மூட்டில் உள்ள கிராஸிலும் பல்லிலும் ஷாஃப்ட்டிலும் ஏறும்.

என் பட்டறை தொடங்கிய புதிதில் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கிரானைட் குவாரிக்காக இப்படி ஒரு வண்டி செய்தேன். முன் ஆக்சில் அவர்களே கொண்டுவந்தது. ஆக்சிலின் வெளிக்கூடான ஹவுசிங் பார்க்க ஒரே மாதிரி. அதனால் உள்ளேயும் ஒரே பல்தான் இருக்கும் என்று எண்ணிப் பார்க்காமல் மாட்டிவிட்டேன். கல் தூசியிலும் மழைச் சகதியிலும் இரண்டு மாதம் நன்றாகவே ஓடியது. ஒரு நாள் டிரைவர் ஃபோர் வீல் லீவரைத் தள்ளியபடியே தார் ரோட்டில் ஏறி எட்டு கிலோமீட்டர் போயிருக்கிறார். திரும்பி வரும்போது டிரான்ஸ்ஃபர் கேஸ் வார்ப்பில் விரல் நீளத்துக்கு விரிசல், கீழே ஆயில் கோடு. பல் எண்ணிப் பார்க்காதது என் தப்பு. புது டிரான்ஸ்ஃபர் கேஸ் என் செலவில் போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து எந்த ஆக்சில் வந்தாலும் எண்ணாமல் கீழே இறக்குவதில்லை.

எண்ணுவது சுலபம், ஹவுசிங்கைத் திறக்க வேண்டியதில்லை. சமதரையில் வண்டியை நிறுத்தி, முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கல் வையுங்கள். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் விடுவித்திருக்க வேண்டும். பின்னால் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு முட்டுக் கொடுங்கள். மறுபக்கச் சக்கரம் தரையிலேயே இருக்கட்டும். ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டிலும் டயரிலும் சாக்பீஸ் கோடு போட்டுக்கொள்ளுங்கள். தூக்கிய சக்கரத்தை ஒருவர் கையால் 20 சுற்று சுற்ற வேண்டும், இன்னொருவர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ண வேண்டும். ஒரு பக்கம் நின்று மறுபக்கம் மட்டும் சுற்றுவதால் 20 சுற்று என்பது கிரவுனுக்கு 10 சுற்று. ஷாஃப்ட் 41 சுற்றினால் உங்கள் விகிதம் 4.10. 49க்குக் கொஞ்சம் குறைவாக வந்தால் 4.88. 54க்குக் கொஞ்சம் குறைந்தால் 5.38. காயலான் கடை ஆக்சிலிலும் இதே போல, ஒரு ஹப்பைப் பிடித்துக்கொண்டு மறு ஹப்பை 20 முறை சுற்றி, ஷாஃப்ட் மாட்டும் தட்டான பினியன் ஃபிளேஞ்ச் சுற்றுவதை எண்ணலாம். ஹப்பில் ஃப்ரீ வீல் பூட்டு (சக்கரத்தை ஆக்சிலின் உள் தண்டோடு சேர்க்கவும் பிரிக்கவும் செய்வது) இருந்தால் முதலில் அதைப் பூட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பினியன் அசையவே அசையாது.

முன்னும் பின்னும் அச்சு அசலாக ஒரே எண்ணாக இருக்க வேண்டும் என்பதில்லை. 41க்கு 10 என்றால் 4.10, 37க்கு 9 என்றால் 4.11. இந்த வித்தியாசம் கால் சதவீதம்தான், தாராளமாக மாட்டலாம். இதைவிட டயர் தேய்மானம் பெரிய வித்தியாசம் செய்யும். 215/75 ஆர் 15 டயரின் உயரம் சுமார் 70 சென்டிமீட்டர். முன்னால் புது டயரும் பின்னால் 6 மில்லிமீட்டர் தேய்ந்த டயரும் போட்டால் சுற்றளவில் ஒன்றரை சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். நாலு டயரும் ஒரே அளவு, ஏறத்தாழ ஒரே தேய்மானம் என்பதை ஃபோர் வீல் வண்டிக்காரர்கள் மறக்கக் கூடாது. பின்னால் மட்டும் புதுசு போடும் நம் ஊர் வழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

அகலத்துக்கு வருவோம். டிரம் முகத்திலிருந்து டிரம் முகம் வரை, அதாவது சக்கரம் போய் உட்காரும் இடத்துக்கும் இடத்துக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று முன்னும் பின்னும் அளந்து எழுதுங்கள். சேற்றுப் பாதையில் முன் சக்கரம் போட்ட தடத்திலேயே பின் சக்கரம் வந்தால் வண்டி லேசாகப் போகும். முன் ஆக்சில் அகலமாக இருந்தால் பின் சக்கரம் தனியாக ஒரு தடம் வெட்டிக்கொண்டு வர வேண்டும். அப்புறம் இரண்டு பட்டைக்கும் நடுவே உள்ள தூரம். பட்டை உட்காரும் பீடத்தை வெட்டி நகர்த்தி வெல்டிங் வைக்கலாம் என்று நினைப்பீர்கள். உருண்டை இல்லாத பக்கம் அது வெறும் குழாய், நகர்த்தலாம். உருண்டை இருக்கும் பக்கம் வார்ப்பு குறுக்கே நிற்கும், நகர்த்த இடமே இருக்காது. அதனால் அந்தப் பக்க அளவு மட்டுமாவது உங்கள் பட்டைக்கு நேராக வர வேண்டும். சக்கர போல்ட் எத்தனை, அந்த வட்டம் எவ்வளவு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் அது வேறாக இருந்தால், முன்னுக்கு ஒரு ஸ்டெப்னி, பின்னுக்கு ஒரு ஸ்டெப்னி என்று இரண்டு சுமந்துகொண்டு திரிய முடியாது.

இன்ஜின் சம்ப்பை யாரும் முன்கூட்டியே பார்ப்பதில்லை. உங்கள் பீம் ஆக்சில் நடுவில் கீழே வளைந்து போகிறது அல்லவா, சம்ப்புக்கு இடம் கொடுக்கத்தான் அந்த வளைவு. சக்கரத்தைச் சுழற்றி ஓட்டும் ஆக்சில் அப்படி வளையாது. நேர்க் குழாய், பக்கத்தில் பெரிய உருண்டை. பள்ளத்தில் விழுந்து பட்டை அமுங்கும்போது உருண்டை போய்ச் சம்ப்பில் இடிக்கும். சம்ப் உடைந்தால் அந்த ஓடையிலேயே இன்ஜினும் போய்விடும். அதனால்தான் ஒரே சேசிஸில் கம்பெனி ஃபோர் வீல் வண்டி செய்யும்போது பல மாடல்களில் சம்ப் வடிவத்தையே மாற்றுகிறார்கள். சம்ப்பும் சேர்ந்து வர வேண்டும் என்று நான் சொன்னது இதற்காக. வண்டியைத் தூக்கினால் போதாதா என்பீர்கள். இரண்டு அங்குலம் வரை சரி. நீங்கள் தக்காளிக் கூடைகளைக் கேபினுக்கு மேலே வரை அடுக்கிக்கொண்டு இராயக்கோட்டை மார்க்கெட்டுக்கு வளைவுகளில் இறங்கி ஏறிப் போகிறவர். அதற்கு மேல் தூக்கினால் வண்டி கவிழும் ஆபத்தை நீங்களே சம்பளம் கொடுத்து ஏற்றுகிறீர்கள். அதோடு, பின்பக்கம் லோடுக்கு ஏற்ப பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு உங்கள் வண்டியில் இருந்தால், பின்னால் தூக்கியதும் அது லோடு இல்லை என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அதன் இணைப்புக் கம்பியை மறுபடி சரிசெய்யாமல் வண்டியை வெளியே எடுக்கக் கூடாது.

ஸ்டியரிங் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். சைக்கிளின் முன் ஃபோர்க் மேலே பின்பக்கமாகச் சாய்ந்திருப்பதும் உதவுவதால்தான் கையை விட்டாலும் சைக்கிள் நேராகப் போகிறது. ஆக்சிலிலும் கிங்பின் அதே மாதிரி பின்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். அதைக் காஸ்டர் என்போம். ஜீப் போன்ற பட்டை வண்டிக்கு 3 டிகிரி சுற்று. இது குறைந்தால் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது, நாற்பது ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு குழியில் இறங்கி ஏறியதும் முன் சக்கரம் இரண்டும் படபடவென்று அடிக்க ஆரம்பிக்கும். வேறு வண்டி ஆக்சிலை மாட்டும்போது ஒரு இழுபறி வரும். ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம் குறைய வேண்டும் என்று பினியனை மேலே தூக்கித் திருப்பினால் காஸ்டர் குறைந்துவிடும். காஸ்டரைச் சரிசெய்தால் பினியன் தரையைப் பார்க்கும், கிராஸ் சீக்கிரம் போகும். ஆப்பு வடிவத் தகடு வைத்து ஓரிரு டிகிரி சமாளிக்கலாம். அதற்கு மேல் என்றால் ஆக்சில் முனையை அறுத்துத் திருப்பி வெல்டிங் வைக்க வேண்டும். சக்கரத்தைத் தாங்கும் இடத்தில் ரோட்டோர வெல்டிங்கை நான் எந்த வண்டியிலும் ஒப்புக்கொண்டதில்லை, நீங்களும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஸ்டியரிங் பெட்டியில் தொங்கும் டிராப் ஆர்மிலிருந்து ஆக்சிலுக்குப் போகும் டிராக் லிங்க் என்ற கம்பியின் நீளமும் சாய்வும் பட்டை ஏறி இறங்கும் வளைவோடு ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் குழியில் இறங்கும்போதெல்லாம் ஸ்டியரிங்கை யாரோ பிடித்து இழுப்பது போல இருக்கும். ஒரே வண்டியிலிருந்து முழு செட்டாக எடுத்தால் இந்தத் தலைவலிகள் எல்லாம் கம்பெனியே தீர்த்து வைத்தவை.

இனி உங்கள் மூன்று ஆக்சிலையும் பார்ப்போம்.

ஜிப்சி ஆக்சில் நல்ல பொருள், ஆனால் சின்ன வண்டிக்குச் செய்தது. ஜிப்சியின் வெறும் எடையே ஒரு டன் அளவுதான். லோடு ஏற்றிய உங்கள் பிக்கப் மூன்று டன்னை நெருங்கும். அகலமும் போதாது. இதைப் பற்றி இதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

ஜீப் ஆக்சில் மூன்றில் நெருங்கி வருவது. பட்டை வண்டி, நேர் ஆக்சில், உதிரி பாகமும் நம் பக்கம் கிடைக்கும். ஆனால் பழைய வகை என்றால் சக்கரம் திரும்பும் இடம் மூடிய உருண்டையாக இருக்கும். அதன் சீல் தேய்ந்தால் ஓடைத் தண்ணீர் உள்ளே போகும், கிரீஸ் வெளியே வரும். திரும்பும் கோணமும் குறைவு. தோட்டத்து வரப்போரம் ஒரே மூச்சில் திரும்பிய வண்டியை மூன்று முறை முன்னும் பின்னும் எடுத்துத் திருப்ப வேண்டி வரும். ஜீப் ஆக்சில்களில் 5.38, 4.88 என்று இரண்டுமே பார்த்திருக்கிறேன், உங்கள் பின் ஆக்சிலோடு ஒத்துப்போக வாய்ப்புக் குறைவு. கிரவுன் பினியன் மாற்றி ஒத்துப்போகச் செய்யலாம். முன் பிரேக் டிரம்மாக இருந்தால், பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் கணக்கும் மாறும். இப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்தால் கடையில் கேட்ட விலை போல மூன்று மடங்கு வெளியே போயிருக்கும்.

ஜோங்கா மேல் உங்களுக்கு ஏன் கண் போனது என்று எனக்குத் தெரியும். ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலையில் நிசான் பேட்ரோலை வைத்துச் செய்த வண்டி. நாலு லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினைத் தாங்கிய ஆக்சில். உடையாது என்பது உண்மை. ஆனால் உங்களுக்கு அந்தப் பலம் தேவையே இல்லை. ஆக்சிலில் ஏறும் பளு இன்ஜினால் மட்டும் தீர்மானமாவதில்லை, டயர் எவ்வளவு பிடிக்கிறது என்பதாலும்தான். டயர் வழுக்க ஆரம்பித்ததும் பளு அதற்கு மேல் ஏறாது. ஓடை மணலிலும் செம்மண் சேற்றிலும் முன் டயர் சீக்கிரமே வழுக்கிவிடும். ஜோங்கா ஆக்சில் போட்டால் வருடம் முழுக்க அந்தக் கூடுதல் இரும்பைச் சுமப்பீர்கள், முன் பட்டை சீக்கிரம் தொய்யும். ஒரு பேரிங், ஒரு சீல் போனாலும் ராணுவ ஏலப் பொருள் விற்பவரைத் தேடி அலைய வேண்டும். சீசனில் வண்டி பத்து நாள் நின்றால் தக்காளி செடியிலேயே அழுகும்.

வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு, டானா கம்பெனியின் 60ஆம் எண் முரட்டு ஆக்சில் கிடைக்குமா என்று கேட்டும் சிலர் வருகிறார்கள். டானா 30இல் கிரவுன் விட்டம் சுமார் 183 மில்லிமீட்டர், டானா 44இல் 216, டானா 60இல் 248. நம் பிக்கப்புக்கு 44 அளவே ஏராளம்.

எந்த ஆக்சில் எடுத்தாலும் கையால் பூட்டித் திறக்கும் ஃப்ரீ வீல் ஹப் உள்ளதாகப் பாருங்கள். தார் ரோட்டில் திறந்துவிட்டால் முன் ஷாஃப்ட் சும்மா சுற்றாது, டீசலும் தேய்மானமும் மிச்சம். முன்பக்கம் உள்ளே ஏதாவது உடைந்தாலும் ஹப்பைத் திறந்துவிட்டுப் பின் சக்கரத்திலேயே வீடு வந்து சேரலாம். உங்கள் காட்டுப் பாதையில் அந்த வசதி வேண்டும்.

சட்டத்தையும் சொல்லாமல் விட முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52இன்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அதே வருடம் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சேர்த்தார்கள். டிரான்ஸ்ஃபர் கேஸும் ஓட்டும் ஆக்சிலும் ஏறினால் வண்டியின் வெறும் எடையே மாறிவிடும், அது ஆர்.சி.யில் இருக்கும் எண். உங்களுடையது லோடு வண்டி, எட்டு வருடம் தாண்டியது, வருடா வருடம் எஃப்.சி. காட்ட வேண்டும். அதைவிட முக்கியம், நாளை தளி ரோட்டில் ஒருவர் மேல் இடித்துவிட்டால், வண்டி மாற்றப்பட்டது என்று இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கலாம். அந்த நஷ்ட ஈடு நிலத்தின் மேல்தான் வந்து விழும். அதனால் உங்கள் ஆர்.சி. எந்த அலுவலகத்தில் இருக்கிறதோ அங்கே எழுத்து மூலமாகக் கேளுங்கள். எழுத்து மூலமாகப் பதில் வரும் வரை ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற வேண்டாம். பட்டறைக்காரர் ‘யாரும் பார்க்க மாட்டாங்க’ என்று சொல்வது பதில் இல்லை.

அனுமதி வராவிட்டால் நேராகக் கம்பெனியே ஃபோர் வீலாகச் செய்த பழைய பிக்கப்பைப் பார்ப்பதுதான் வழி. பொலிரோ கேம்பரில் அந்த வகை வந்தது. ஸ்கார்பியோ கெட்அவே, டாடா ஜெனான், இசுஸு வி-கிராஸ் ஆகியவற்றிலும் உண்டு. மாற்றும் செலவையும் உங்கள் வண்டியை விற்றால் வரும் பணத்தையும் கூட்டிப் பாருங்கள், பல நேரம் அந்த விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

சரி, முதலில் சொன்ன அந்த வேலை. உங்கள் கடிதத்தில் ஒரு விவரம் இல்லை: வண்டி லோடோடு சிக்குகிறதா, காலியாகச் சிக்குகிறதா? போன வருடம் லோடோடு விட்டுவிட்டு வந்ததாக எழுதியிருப்பதால் லோடோடும் சிக்குகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். லோடு ஏற்றி மேடு ஏறும்போது எடையில் பெரும்பகுதி பின் சக்கரத்தின் மேல்தான் இருக்கும். அங்கே பிடிமானத்துக்குக் குறைவில்லை. அப்படியிருந்தும் நிற்கிறது என்றால், பெரும்பாலும் பின்னால் ஒரு சக்கரம் மட்டும் வெறுமனே சுற்றும், மற்றது அசையாமல் நிற்கும். சாதாரண டிஃப்ரன்ஷியலின் குணம் அது, லேசாகச் சுற்றும் சக்கரத்துக்கே சுற்று முழுவதும் போய்விடும். அடுத்த தடவை சிக்கும்போது இறங்கிப் போய்ப் பாருங்கள். ஒரு சக்கரம்தான் சுற்றுகிறது என்றால் உங்களுக்கு முதலில் தேவை பின் ஆக்சிலுக்குள் பூட்டிக்கொள்ளும் டிஃப்ரன்ஷியல். ஒரு சக்கரம் வழுக்கினால் தானே இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிடும். மஹிந்திராவின் தார் (Thar) ஜீப்பில் 2015 முதல் கம்பெனியே பின்னால் இதைப் போட்டது. உங்கள் பின் ஹவுசிங்குக்குப் பொருந்துவது கிடைக்கிறதா என்று கம்பெனி உதிரி பாகக் கடையில் பாகம் எண்ணோடு கேளுங்கள். ஹவுசிங்குக்குள்ளேயே உட்காருவதால் ஆர்.சி. விவரம் எதுவும் மாறாது, சம்ப்பும் ஸ்டியரிங்கும் தொடப்படாது. முன் ஆக்சில் அதிகம் உதவுவது காலி வண்டிக்கும், மணலில் மூக்குப் புதைந்த வண்டிக்கும்தான்.

அதோடு பின் டயரை நல்ல கட்டை வெட்டு உள்ளதாக மாற்றுங்கள். ஓடை மணலுக்கு முன் வண்டியை நிறுத்திக் காற்றைக் கால் பங்கு குறைத்து, மெதுவாக, நிற்காமல் கடந்து, தார் ரோடு வந்ததும் மறுபடி ஏற்றுங்கள். லோடோடு காற்றுக் குறைந்த டயரில் தார் ரோட்டில் ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கும், ஆகையால் பேட்டரியில் ஓடும் சின்னக் காற்று பம்பு ஒன்று கேபினில் இருக்கட்டும். ஓடை இறங்கும் இடத்தில் ஊரார் சேர்ந்து இரண்டு தடத்துக்கும் கருங்கல் பாவினாலும் உங்கள் கஷ்டத்தில் பாதி தீரும், நம் மாவட்டத்தில் கல்லுக்குப் பஞ்சமில்லை. ராகி கதிர் பிடிக்கும் மாதங்களில் மாலை நான்கு மணிக்கு மேல் அந்த ஓடையில் லோடோடு இறங்காதீர்கள். சிக்கினால் வண்டியை விட்டுவிட்டு ஆட்கள் வெளியே வந்துவிடுங்கள், போன வருடம் நீங்கள் செய்தது சரி.

இந்த மழைக்கு இவ்வளவும் செய்து பாருங்கள். அதற்குப் பிறகும் சிக்கினால் எனக்கு இவற்றை எழுதுங்கள்: 20 சுற்றுக் கணக்கில் வந்த எண், பின் டிரம்முக்கு டிரம் அகலம், முன் பட்டைகளுக்கு நடுவே உள்ள தூரம், சம்ப்புக்கும் பீம் ஆக்சிலுக்கும் நடுவே லோடோடு எவ்வளவு இடைவெளி, ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்த பதில். அந்த அளவுகளை வைத்து எந்த வண்டியின் செட் உங்களுக்குப் பொருந்தும் என்று பெயரோடு சொல்கிறேன். ஜோங்கா ஆக்சிலுக்குக் கொடுத்த இரண்டாயிரத்தைத் திருப்பித் தர மாட்டேன் என்று கடைக்காரர் சொன்னால் சண்டை போட வேண்டாம். அந்தத் தொகைக்கு அவரிடமே நல்ல இழுவைச் சங்கிலி ஒன்றும், ஒரு ஜோடி ஜாக்கி ஸ்டாண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பல் எண்ணுவதற்கு அந்த ஸ்டாண்டு தேவைப்படும்.